கண்ணாடி போனது, கனம் போகவில்லை

பயணத்துக்கு மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) பார்க்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "எந்த பாடி நல்லா இருக்கும்?" என்றுதான். கடைக்காரரும் இரண்டு பாடிகளை, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராக்களை, எடுத்து மேசையில் வைப்பார். ஒன்று சோனி ஏ7சி 2. ஃபுல் ஃப்ரேம் எனும் பெரிய சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 514 கிராம். பக்கத்தில் ஏ6700. அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார், 493 கிராம். கையில் தூக்கிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வெறும் 21 கிராமுக்காக ஏன் சின்ன சென்சாருக்குப் போக வேண்டும் என்று மனசு கணக்குப் போடும். பணமும் இடம் கொடுத்தால் பெரியதே பைக்குள் போய்விடும்.

இந்தக் கணக்கில் லென்ஸ் இல்லை. ஏ7சி 2 வாங்கியவர் கொஞ்ச நாளில் "நல்ல லென்ஸ்" தேட ஆரம்பிப்பார். எல்லோரும் சொல்லும் பெயர் 24-70 எஃப்2.8 ஜிஎம் 2. (முன்னால் வரும் மி.மீ. எண் சின்னதானால் காட்சி அகலம், பெரிதானால் தூரம் எட்டும். எஃப் எண் சின்னதானால் ஒளி நுழையும் துளை பெரிது.) அது 695 கிராம். தூரத்தில் இருப்பதைப் பிடிக்க 70-200 எஃப்2.8, முக்காலியில் மாட்டும் வளையம் இல்லாமலே 1,045 கிராம். ஆக மொத்தம் இரண்டேகால் கிலோ. உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்கு வழக்கமாகக் கொடுப்பது 7 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கு கேமராவுக்கே போய்விட்டது. சின்ன பாடி என்று பார்த்து வாங்கியதன் பலன் எங்கே போனது?

இதற்குப் பதில் கண்ணாடியை எடுத்ததால் எது சின்னதானது, எது ஆகவில்லை என்பதில் இருக்கிறது.

பழைய டிஎஸ்எல்ஆர் வகை கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு கண்ணாடி 45 டிகிரி சாய்ந்து நிற்கும். அது மேலே அனுப்பும் ஒளிதான் வியூஃபைண்டர் வழியாக நம் கண்ணுக்கு வரும். அந்தக் கண்ணாடி மேலே எழும்பி இறங்க இடம் வேண்டும். அதனால் லென்ஸ் உட்காரும் மவுன்ட் என்ற வளையத்தைச் சென்சாரிலிருந்து தள்ளியே வைத்தார்கள். நிகான் எஃப் மவுன்ட்டில் அந்த இடைவெளி 46.5 மி.மீ., கேனன் இஎஃப்பில் 44 மி.மீ. கண்ணாடியை எடுத்துவிட்டு வியூஃபைண்டரில் குட்டித் திரையை வைத்ததும் அந்த இடைவெளி சட்டென்று சுருங்கியது. ஒலிம்பஸும் பானாசோனிக்கும் பயன்படுத்தும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 19.25, சோனி இ மவுன்ட்டில் 18, ஃபூஜி எக்ஸில் 17.7, நிகான் இசட்டில் 16 மி.மீ.

2008இல் வந்த பானாசோனிக் ஜி1தான் லென்ஸ் மாற்றக்கூடிய இந்த வகை மிரர்லெஸ்ஸில் முதல் கேமரா. பார்க்க ஒரு குட்டி டிஎஸ்எல்ஆர் போலவே இருந்ததால் பலர் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வருடம் ஒலிம்பஸ் இ-பி1 வந்தது. பானாசோனிக் ஜிஎஃப்1, 20 மி.மீ. எஃப்1.7 என்ற தட்டையான லென்ஸோடு வந்தது. அப்போதுதான் கோட் பாக்கெட்டில் போடக்கூடிய, ஆனால் லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா என்ன என்று எல்லோருக்கும் விளங்கியது. 2010இல் சோனி நெக்ஸ் வரிசை, 2012இல் ஃபூஜி எக்ஸ்-ப்ரோ1, 2013இல் ஃபுல் ஃப்ரேம் சோனி ஏ7. கேனனும் நிகானும் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்கு வர 2018 ஆனது.

இடைவெளி சுருங்கியதில் பாடி மெலிந்தது. கூடவே அகலக் கோண லென்ஸ்களுக்கும் லாபம். முன்பு 20 மி.மீ. லென்ஸ் செய்தாலும் அதன் கடைசி வில்லை சென்சாரிலிருந்து நாற்பது மி.மீ. அளவுக்குத் தள்ளி நிற்க வேண்டும். அந்த இழுபறியைச் சமாளிக்கவே கூடுதல் வில்லைகளைப் போட்டார்கள். அது தேவையில்லாமல் போனது.

தூரத்தை எட்டும் டெலி லென்ஸுக்கு இதில் ஒரு பயனும் இல்லை. 300 மி.மீ. எஃப்4 லென்ஸ் என்றால் ஒளி நுழையும் விட்டம் 300ஐ 4ஆல் வகுத்து வரும் 75 மி.மீ. பின்னால் கண்ணாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முன்னால் அந்த அளவு வில்லை இருந்தே ஆக வேண்டும். பெரிய துளை கொண்ட ஜூமுக்கும் இதே கதைதான். அதனால் மிரர்லெஸ் என்பதாலேயே ஒரு கேமரா பயணத்துக்கு ஏற்றதாகிவிடாது. பையின் எடையைத் தீர்மானிப்பவை சென்சாரின் பரப்பும், லென்ஸின் துளை அளவும், எவ்வளவு தூரம் எட்ட வேண்டும் என்ற ஆசையும்தான்.

சென்சாரும் எஃப் எண்ணும்

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23.5க்கு 15.6. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13, அதாவது பரப்பில் ஃபுல் ஃப்ரேமில் சுமார் கால் பங்கு. சென்சார் சின்னதாக ஆக, அதே லென்ஸ் காட்சியின் நடுப்பகுதியை மட்டுமே பிடிக்கும். அதனால்தான் ஏபிஎஸ்-சியில் 1.5ஆல் (கேனனில் 1.6ஆல்), மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். 12-45 மி.மீ. லென்ஸ் அங்கே 24-90 போல நடந்துகொள்ளும். இந்தக் கட்டுரையில் இனி "24 போல" என்று சொன்னால் இந்தக் கணக்கைப் போட்ட பிறகு வருவது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மி.மீ.யைப் பெருக்கச் சொல்லும் விளம்பரங்கள் எஃப் எண்ணைப் பெருக்கச் சொல்வதில்லை. எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்சக் கணக்குக்கு எஃப்2.8 எங்கேயும் எஃப்2.8தான். ஆனால் படத்தில் எத்தனை நாய்ஸ் (புள்ளி புள்ளியாகத் தெரியும் கறை), பின்னணி எவ்வளவு மங்கும் என்பதைப் பார்த்தால் எஃப் எண்ணையும் பெருக்க வேண்டும். ஏபிஎஸ்-சியில் எஃப்2.8 என்பது ஃபுல் ஃப்ரேமில் ஏறத்தாழ எஃப்4.2.

இதை வைத்து ஒரு நேர்மையான ஒப்பீடு போடலாம். ஏ7சி 2இல் 24-70 எஃப்2.8ஐ மாட்டாமல் 20-70 எஃப்4ஐ மாட்டுவோம். லென்ஸ் 488 கிராம், மொத்தம் ஒரு கிலோ. ஏ6700இல் சிக்மா 18-50 எஃப்2.8, 290 கிராம், மொத்தம் 783 கிராம். இரண்டும் சேகரிக்கும் ஒளி கிட்டத்தட்ட ஒன்றுதான். எடையில் வித்தியாசம் கால் கிலோவுக்கும் குறைவு. அதிலும் சோனி லென்ஸ் 20இல் ஆரம்பிக்கிறது, சிக்மா 27 போல ஆரம்பிக்கிறது. ஆக, ஃபுல் ஃப்ரேம் என்றாலே சுமை என்பதும் சரியில்லை. எஃப்2.8தான் வேண்டும் என்ற பிடிவாதம்தான் சுமை.

அப்படியானால் சின்ன சென்சாருக்கு என்ன வேலை? பெரிய சென்சாருக்கு யாரும் செய்யாத அளவுக்குச் சின்ன லென்ஸ்கள் அங்கே கிடைக்கின்றன. ஒலிம்பஸ் 45 மி.மீ. எஃப்1.8 வெறும் 116 கிராம். 40-150 எஃப்4-5.6 லென்ஸ் 190 கிராம். 300 வரை எட்டும் லென்ஸ் ஒரு கைபேசியின் எடைதான். ஒளியில் விட்டுக்கொடுத்து எட்டும் தூரத்தை வாங்கிக்கொள்கிறோம். இந்தப் பண்டமாற்று எந்த ஊரில் கட்டுபடியாகும், எந்த ஊரில் ஆகாது என்பதுதான் பயணக்காரர் யோசிக்க வேண்டியது. பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. நம்மவர்கள் அடிக்கடி போகும் ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம்: தஞ்சாவூர், தாராசுரம், செட்டிநாடு, அப்புறம் மலையேறி வால்பாறை.

பெரிய கோயில் கேட்கும் மி.மீ.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் 216 அடி என்று சொல்வார்கள், சுமார் 66 மீட்டர். அதை முழுசாகப் பிடிக்க எல்லோரும் கேமராவை அண்ணாந்து தூக்குவார்கள். தூக்கியதும் விமானம் பின்பக்கமாகச் சாய்ந்து விழுவது போல வரும். கேமராவைச் சாய்க்காமல், நெடுக்காகப் பிடித்து எடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அதற்கு லென்ஸ் போதுமான அகலம் இருக்க வேண்டும்.

100 மீட்டர் தள்ளி நின்று, 24 மி.மீ. லென்ஸில் அப்படி எடுத்தால் கண் மட்டத்துக்கு மேல் 75 மீட்டர் வரை படத்துக்குள் வரும். விமானம் முழுசாக உள்ளே இருக்கும், மேலே கொஞ்சம் வானமும் மிஞ்சும். 28 மி.மீ. என்றால் 64 மீட்டர். நம் கண் உயரத்தைச் சேர்த்துக்கொண்டாலும் கலசம் படத்தின் மேல் விளிம்பில் போய் இடிக்கும். 35 மி.மீ. என்றால் 51 மீட்டர்தான், சிகரமே வெட்டுப்படும்.

லென்ஸ் மேல் எழுதியிருக்கும் முதல் எண்ணில் 24க்கும் 28க்கும் நடுவே இருக்கும் அந்த நாலு மி.மீ.யை வாங்கும்போது யாரும் கவனிப்பதில்லை. பாடியோடு வரும் கிட் லென்ஸ்களைப் பாருங்கள். சோனி 16-50, நிகான் இசட் டிஎக்ஸ் 16-50, ஃபூஜியின் புதிய 16-50 எல்லாம் 24 போலத் தொடங்குகின்றன. ஃபூஜியின் பழைய 18-55, 27 போல. கேனன் ஆர்எஃப்-எஸ் 18-45, 29 போல. ஏ7சி வகைக்குக் கூட வரும் 28-60இன் முதல் எண்ணே 28. ஃபூஜியின் மலிவான எக்ஸ்சி 15-45, 22.5 போலத் தொடங்குகிறது. அதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வளாகம் ஏறக்குறைய 240க்கு 120 மீட்டர். முன்பக்கம் தள்ளி நிற்க இடம் உண்டு, ஆனால் நந்தி மண்டபம் மறைக்கும். பக்கவாட்டில் 60 மீட்டருக்கு மேல் பின்வாங்க முடியாது, முதுகு திருச்சுற்று மாளிகையில் இடித்துவிடும். அங்கிருந்து சாய்க்காமல் எடுக்க 16 அல்லது 17 மி.மீ. அகலம் வேண்டும். ஏபிஎஸ்-சியில் சோனி 11 மி.மீ. எஃப்1.8 (181 கிராம்) அல்லது சிக்மா 10-18 எஃப்2.8 (சுமார் 260 கிராம்), மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் பானாசோனிக் லைக்கா 9 மி.மீ. எஃப்1.7 (130 கிராம், 18 போல என்பதால் உச்சி கொஞ்சம் வெட்டுப்படும்). கண்ணாடி போனதால் வந்த லாபத்தை நேரில் பார்க்கக்கூடிய இடம் இந்த அகல லென்ஸ்கள்தான்.

இவ்வளவும் கைபேசியிலேயே வருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலான கைபேசிகளின் முதன்மை கேமரா 24 பக்கத்தில்தான் இருக்கிறது, பகல் வெளிச்சத்தில் நன்றாகவே எடுக்கும். இன்ஸ்டாவில் போட மட்டும் என்றால் அகலத்தைக் கைபேசிக்கு விட்டுவிட்டு, கேமராவில் 40 மி.மீ.யிலிருந்து மேலே போகும் லென்ஸ்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்ட் போடுகிறவர்களுக்குத்தான் அகல லென்ஸ் தனியாக வேண்டும்.

அப்புறம், எங்கெல்லாம் கேமராவே கூடாது என்பதையும் பயணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை போடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அதற்கு முன்பே தடை உண்டு. தஞ்சையும் தாராசுரமும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. வெளிப் பிராகாரத்தில் கையில் பிடித்து எடுக்கலாம், முக்காலி விரிக்க அனுமதி வாங்க வேண்டும். கருவறைப் பக்கம் எங்கேயும் கேமராவை எடுக்கவே கூடாது.

தாராசுரத்தில் சின்ன சென்சார்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் காலத்தது. தஞ்சையில் அண்ணாந்து பார்க்கிறவர்கள் இங்கே குனிந்து பார்க்க வேண்டும். ஒரே தலையை யானையும் காளையும் பங்குபோட்டுக்கொள்ளும் அந்தச் சிற்பம் ஒரு சின்னப் புடைப்புதான். ஒரு பக்கத்தை மறைத்துப் பார்த்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. இதைப் படம் எடுக்கும்போது முன்னால் துருத்தும் தும்பிக்கை முதல் பின்னால் இருக்கும் கல் பரப்பு வரை எல்லாமே ஃபோகஸில் இருக்க வேண்டும். பின்னணி மங்கல் இங்கே அழகு சேர்க்காது, பாதிச் சிற்பத்தை அழித்துவிடும்.

ஃபுல் ஃப்ரேமில் இதற்கு எஃப்8 வைக்க வேண்டியிருக்கும். மண்டபத்து நிழலில் எஃப்8 வைத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 3200க்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அதே ஃபோகஸ் ஆழம் எஃப்4இலேயே கிடைக்கும். துளை இரண்டு படி பெரியதாக இருப்பதால் ஐஎஸ்ஓ 800 போதும். சென்சார் சின்னது என்பதால் வரும் நாய்ஸையும் ஐஎஸ்ஓ குறைந்ததால் கிடைக்கும் லாபத்தையும் கழித்துப் பார்த்தால் இரண்டு படங்களும் ஏறத்தாழ ஒன்றுதான். எல்லாம் ஃபோகஸில் வேண்டும் என்கிற படத்தில் பெரிய சென்சாருக்குக் கொடுத்த காசுக்குப் பெரிதாக வேலை இல்லை. கோயில், அரண்மனை, சிற்பம், தெரு, நிலக்காட்சி என்று பயணத்தில் எடுப்பதில் பெரும்பகுதி இந்த வகைதான்.

கிட்டே போய் எடுக்க முடியுமா என்பதும் முக்கியம். சிக்மா 18-50, அகல முனையில் 12 செ.மீ. வரை நெருங்கும். ஓஎம் சிஸ்டம் (ஒலிம்பஸ் கேமராக்களின் இன்றைய பெயர்) 12-45 எஃப்4 ப்ரோவும் நெருக்கத்தில் கெட்டி, எடை 254 கிராம். இந்த இரண்டில் ஒன்று இருந்தால் மேக்ரோ லென்ஸ் தனியாகத் தேவைப்படாது.

செட்டிநாட்டு வீட்டுக்குள் போனால் நிலைமை வேறு. வளவில் (நடு முற்றத்தில்) கொளுத்தும் வெயில், அதைச் சுற்றிய தாழ்வாரத்தில் அரை இருட்டு, உள்ளறையில் முக்கால் இருட்டு. ஆத்தங்குடி ஓடும் தேக்குத் தூணும் ஆடாமல் அசையாமல் இருப்பதால் ஷட்டரை மெதுவாக வைக்கலாம், கைதான் ஆடக்கூடாது. பாடிக்குள்ளேயே சென்சாரை அசைத்து ஆட்டத்தைச் சமன் செய்யும் ஐபிஐஎஸ் இங்கேதான் காசுக்கு வேலை செய்யும். அது இருந்தால் எட்டில் ஒரு விநாடி, நாலில் ஒரு விநாடி எல்லாம் முக்காலி இல்லாமல் எடுக்கலாம். ஏ6700, ஃபூஜி எக்ஸ்-டி50, ஓஎம்-5, ஏ7சி 2 ஆகியவற்றில் உண்டு. கேனன் ஆர்50, நிகான் இசட் எஃப்சி, ஃபூஜி எக்ஸ்-எம்5, சோனி இசட்வி-இ10 ஆகியவற்றில் இல்லை. எடையைக் குறைக்கும்போது கம்பெனிகள் முதலில் கழற்றுவது இதைத்தான். விளம்பரத்தில் "வீடியோவுக்கு எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன்" என்று போட்டிருந்தால் அது வேறு விஷயம், படம் எடுக்க உதவாது.

ஆனால் ஆள் அசைந்தால் ஐபிஐஎஸ் கைகொடுக்காது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்கக் கூடும் கூட்டத்தில், விடியும் முன்பான வெளிச்சத்தில், ஆடுகிறவரையும் தண்ணீர் பீய்ச்சுகிறவரையும் உறையவைக்க 250இல் ஒரு விநாடியாவது வேண்டும். அதற்கு ஒளிதான் வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை. சின்ன சென்சாரும் எஃப்5.6 ஜூமும் சேர்ந்தால் இங்கே கையைப் பிசைய வேண்டியதுதான். ஏபிஎஸ்-சிக்கு சிக்மா 30 மி.மீ. எஃப்1.4 போல ஒரு பிரைம் (ஜூம் ஆகாத) லென்ஸ், சுமார் 265 கிராம், பையில் இருந்தால் பிழைத்தோம். இரவுத் திருவிழாக்களே உங்கள் பயணம் என்றால் தயங்காமல் ஃபுல் ஃப்ரேமும் எஃப்1.8 பிரைமும் வாங்குங்கள்.

பிரைம் லென்ஸ்கள் மட்டுமே வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது பற்றி உணர்ச்சி பொங்கப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் தனியாகப் பயணம் போகிறவர்களாக இருக்க வேண்டும். குடும்பத்தோடு போகும்போது நீங்கள் லென்ஸ் மாற்றி முடிக்கும்வரை யாரும் நிற்க மாட்டார்கள். "சாமி கும்பிட வந்தோமா, படம் பிடிக்க வந்தோமா?" என்ற கேள்வி எந்த நேரத்திலும் வரும். ஒரு நல்ல ஜூம் எப்போதும் மாட்டியிருக்க, இருட்டுக்கு ஒரு சின்ன பிரைம் பாக்கெட்டில் இருப்பதுதான் வேலைக்கு ஆகும். லென்ஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும் சென்சாரில் தூசி விழும் வாய்ப்பு. மிரர்லெஸ்ஸில் சென்சாருக்கு முன்னால் கண்ணாடியும் இல்லாததால் அது திறந்தே கிடக்கும். அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும் வசதி சில பாடிகளில் உண்டு, இருந்தால் போட்டுவையுங்கள். தனுஷ்கோடி மணல் காற்றில் நின்று லென்ஸ் மாற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மலைக்குப் போனால்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் வரையாடு ரோட்டோரப் பாறையில் நிற்கும். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்தி மிக நெருக்கத்தில் தெரியும். இவற்றுக்கு 200, 300 போல இருந்தாலே தாராளம். 190 கிராம் 40-150 லென்ஸ் போதும். இருவாச்சியைப் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால்தான் 500, 600க்குப் போக வேண்டும். அங்கே சென்சார் அளவு முழு வீச்சில் விளையாடும். ஒலிம்பஸ் 75-300, 600 போல எட்டும், 423 கிராம். ஏபிஎஸ்-சிக்கு சோனி 70-350, 525 போல, 625 கிராம். ஃபுல் ஃப்ரேமில் அதே 600ஐ சோனி 200-600 கொடுக்கும், இரண்டு கிலோவுக்கு மேல். படத்தின் தரத்தில் கடைசியானதுதான் ஒரு படி மேல், சந்தேகமில்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர் பறவைக்காகவே பயணம் போகிறவர்.

வால்பாறையில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஓஎம்-5க்கு ஐபி53 தரம் உண்டு, தூறலுக்குத் தாங்கும். ஆனால் பாடி மட்டும் நனையாமல் இருந்தால் போதாது, லென்ஸும் சீல் செய்ததாக இருக்க வேண்டும். 12-45 ப்ரோ அப்படிப்பட்டது, 190 கிராம் 40-150 அப்படி இல்லை. ஃபூஜியில் எக்ஸ்-டி5 சீல் செய்தது, எக்ஸ்-டி50 இல்லை.

சரி, மொத்தமாகக் கூட்டிப் பார்ப்போம். ஓஎம்-5 (414 கிராம்), 12-45 எஃப்4, 40-150, 17 மி.மீ. எஃப்1.8 (120 கிராம்) எல்லாம் சேர்ந்து 978 கிராம். ஒரு கிலோவுக்குள் 24 முதல் 300 வரை. ஏ6700, சிக்மா 18-50, சோனி 11 மி.மீ., 70-350 என்றால் 1,589 கிராம். ஒளியும் எட்டும் தூரமும் கூடும், ஃபோகஸும் சுறுசுறுப்பு. ஏ7சி 2, 20-70 எஃப்4, 40 மி.மீ. எஃப்2.5 (173 கிராம்) என்றால் 1,175 கிராம், ஆனால் 70க்கு மேல் எதுவும் இல்லை. எடையே எதிரி என்றால் ஃபூஜி எக்ஸ்-எம்5 (355 கிராம்), புதிய 16-50 (240 கிராம்), 27 மி.மீ. எஃப்2.8 (84 கிராம்), மூன்றும் சேர்ந்து 679. அதில் வியூஃபைண்டரும் கிடையாது, ஐபிஐஎஸ்ஸும் கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. நம்ம ஊர் மத்தியான வெயிலில் பின்திரையைப் பார்த்து எடுப்பது லேசான காரியம் இல்லை. என் ஓட்டு, மேலே சொன்ன சுற்றுக்கு, முதல் செட்டுக்கு. திருவிழா சேர்ந்தால் இரண்டாவதுக்கு.

மவுன்ட்டின் ஆயுள்

லென்ஸ் வாங்குவது ஒரு மவுன்ட்டுக்குள் குடியேறுவது. குடியேறிய ஊர் காணாமல் போனதும் நடந்திருக்கிறது. சாம்சங் என்எக்ஸ் வரிசையை 2010இல் தொடங்கி, சில வருடங்களிலேயே கேமரா பக்கமே திரும்பாமல் போய்விட்டது. நிகான் 1 வரிசை 2018இல் நின்றது. பயணத்துக்கு அருமையாக இருந்த கேனன் இஓஎஸ் எம் 2023இல் முடிவுக்கு வந்தது. ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவை விற்று, 2021 முதல் அது ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற பெயரில் நடக்கிறது. கேமராக்கள் தொடர்ந்து வருகின்றன, ஆனால் பானாசோனிக்கின் கவனம் பெரும்பாலும் ஃபுல் ஃப்ரேமுக்கான எல் மவுன்ட் பக்கம் போய்விட்டது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வாங்குகிறவர் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சர்வீஸ் உண்டா என்று முதலில் விசாரித்துவிட வேண்டும்.

சின்ன, விலை குறைந்த லென்ஸ்கள் பெரும்பாலும் சிக்மா, டாம்ரான், வில்ட்ராக்ஸ் போன்ற மூன்றாம் தரப்பிலிருந்து வருகின்றன. சோனி இ மவுன்ட்டில் இவை குவிந்து கிடக்கின்றன. ஃபூஜியிலும் நிறைய உண்டு, நிகானில் ஓரளவு. கேனன் ஆர்எஃப் ஏபிஎஸ்-சிக்கு 2024இல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கதவைத் திறந்தது. அதுவரை ஆர்50 வாங்கியவர்களுக்கு ஏபிஎஸ்-சிக்கென்றே செய்த ஆர்எஃப் எஃப்2.8 ஜூம் என்ற பேச்சே இல்லாமல் இருந்தது.

சார்ஜிங் விஷயம் சின்னதுதான், ஆனால் ரயிலில் புரியும். டைப்-சி இருந்தால் கைபேசி சார்ஜரே போதும். முதல் ஓஎம்-5இல் பழைய மைக்ரோ யூஎஸ்பி, 2025இல் வந்த மார்க் 2இல்தான் டைப்-சி. விமானத்தில் உதிரி பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். கேமரா பேட்டரிகள் 100 வாட்-அவர் வரம்புக்கு வெகு கீழே இருப்பதால் வேறு சிக்கல் இல்லை. முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் மூடியிருந்தால் சரி.

கடற்கரை ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு எடையைவிடப் பெரிய தலைவலி ஃபங்கஸ். பயணம் முடிந்து ஈரத்தோடு பையில் வைத்து அலமாரியில் மூடினால், சென்னை மாதிரி ஊரில் சில மாதங்களில் லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் படர்ந்துவிடும். ஈரப்பதத்தை 40-50 சதவீதத்தில் வைத்திருக்கும் டிரை கேபினட் நல்லது. இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். நீலம் இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சு பச்சையாகவோ மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஏசி அறையிலிருந்து வெளியே போகும்போது கேமராவை மூடிய பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டு எடுத்தால் லென்ஸில் பனி படியாது.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்களும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டு மூடிகளையும் கழற்றி, துளையை முழுசாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து கைபேசி டார்ச்சை அடித்து முன்பக்கம் சற்றே சாய்த்துப் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. நூல் நூலாகக் கிளைவிட்டிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.